எத்தனை டிகிரி என்பது கடைசிக் கேள்வி: மைனர், அம்பாசடர் எஞ்சினுக்கு ஏற்ற தெர்மோஸ்டாட்

பழைய காருக்குத் தெர்மோஸ்டாட் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "82 இருக்கா, 74 இருக்கா?" என்றுதான். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உட்காரும், சூட்டில் திறக்கும் வால்வு; அந்த எண் அது எத்தனை டிகிரி செல்சியஸில் திறக்கும் என்பது. கேட்க வேண்டியவற்றில் அது கடைசி. அதன் வட்டத் தகட்டின் விட்டமும் கனமும் பொருந்துகிறதா, வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது, காற்று வெளியேற ஓட்டை இருக்கிறதா, பைபாஸையும் (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் பம்புக்கே திரும்பும் குறுக்குவழி) சேர்த்து மூட வேண்டிய எஞ்சினா என்பவைதான் முதலில் வரவேண்டும். இவை சரியாக இருந்தால் டிகிரி எட்டு முன்பின் இருந்தாலும் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். இவற்றில் ஒன்று பிசகினால் எந்த டிகிரி போட்டாலும் தலைவலிதான்.

பேசப்போவது பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 'ஏ' சீரீஸ், 'பி' சீரீஸ் எஞ்சின்களைப் பற்றி. மோரிஸ் மைனரிலும் மினியிலும் இருப்பது 'ஏ'. எம்ஜிபி, பிற்கால மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் எல்லாம் 'பி'. சென்னைக்கு அருகே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு குடும்பம் என்றாலும் தெர்மோஸ்டாட் விஷயத்தில் ஏறத்தாழ இதே கதைதான்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். தெர்மோஸ்டாட் எஞ்சினைக் குளிர்விக்கும் பாகம் அல்ல. எஞ்சின் இந்தச் சூட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று கீழ் வரம்பை வைப்பது மட்டும்தான் அதன் வேலை. மேல் வரம்பு ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், இக்னிஷன் டைமிங் இவற்றின் கையில். 82 டிகிரி வால்வு போட்ட வண்டி மலை ஏற்றத்தில் 105ஐத் தொடுகிறது என்றால், அந்த வால்வு எப்போதோ முழுக்கத் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கழற்றி 74 போட்டால் அதுவும் முழுக்கத் திறந்தபடி நிற்கும். வண்டி அதே 105க்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஓவர்ஹீட்டுக்கு மருந்தாக 74 வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தை ரேடியேட்டரை ராடிங் செய்ய, அதாவது குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுக்க, கொடுக்கலாம்.

வாங்குவதற்கு முன்: குற்றவாளி தெர்மோஸ்டாட்தானா?

முள் சிவப்பில் நிற்கிறது என்பதால் மட்டும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க வேண்டாம். 1960களின் நடுவிலிருந்து வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் டெம்பரேச்சர் மீட்டருக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு 10 வோல்ட் ஸ்டெபிலைசர்தான் கரண்ட் கொடுக்கும். அது பழுதாகி முழு 12 வோல்ட்டையும் விட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே மேலே போகும். டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போது மீட்டர் முக்கால் காட்டினால், சூட்டு முள் சொல்வதையும் நம்பாதீர்கள். நம்பகமான வழி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அதைக் காட்டினால் உண்மையான சூட்டைவிடப் பல டிகிரி குறைவாகவே காட்டும். எல்போவின் (தெர்மோஸ்டாட்டுக்கு மேல் மூடியாக இருக்கும் வளைந்த குழாய்) மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் காட்டிப் படியுங்கள்.

அடுத்து, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது. இதற்கு மேல் ஒரு சோதனை கிடையாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, எல்போவிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸில் கையை வையுங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் கவனம். ஆரம்பத்தில் அது சில்லென்றே இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறி ஒரு கட்டத்தில் சட்டென்று சுட வேண்டும். ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது யாரோ அதை எடுத்துவிட்டார்கள். எஞ்சின் கொதிக்கிறது, ஹோஸ் மட்டும் குளிர்ந்து கிடக்கிறது என்றால் வால்வு மூடியபடி சிக்கிவிட்டது. முள் 95 வரை ஏறி, தடாலென்று 75க்கு விழுந்து, பிறகு 82ல் நிலைப்பது மூன்றாவது வகை. இதில் பெரும்பாலும் வால்வு கெடவில்லை. அதன் அடியில் காற்று சிக்கியிருக்கிறது.

எடுத்துப் போட்டுவிடலாமே?

நம் ஊர் ஒர்க்ஷாப்களில் அம்பாசடருக்குச் சொல்லப்படும் முதல் வைத்தியம் இது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார் மெக்கானிக். எடுப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வழக்கமான காரணமும் தப்பு என்பதுதான் வேடிக்கை. "தண்ணி வேகமா ஓடினா சூட்டை உறிஞ்ச நேரம் இருக்காது" என்பார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அதிகச் சூட்டைத்தான் கொண்டுபோகும். உண்மையான கேடுகள் வேறு இரண்டு.

ஒன்று அழுத்தம். திறந்த தெர்மோஸ்டாட்கூட ஓட்டத்துக்குக் கொஞ்சம் தடைதான். அந்தத் தடையால்தான் வாட்டர் பம்ப் தள்ளும் தண்ணீர் பிளாக்கிலும் (சிலிண்டர்கள் உள்ள பகுதி) அதன் மேல் உள்ள ஹெட்டிலும் அழுத்தத்தோடு நிற்கிறது. தடையை எடுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில் அழுத்தம் குறைந்து, அங்கங்கே நீராவிக் குமிழ்கள் உண்டாகும். பம்ப் இருக்கும் முன்பக்கத்திலிருந்து எட்ட இருக்கும் 4வது சிலிண்டர்தான் இதில் முதலில் அடிபடும். மீட்டரின் சென்சார் முன்பக்கம் இருப்பதால் முள் நல்ல பிள்ளையாகவே நிற்கும்.

இன்னொன்று, எஞ்சின் எப்போதும் சூடு போதாமல் ஓடுவது. நெடுஞ்சாலையில் 55, 60 டிகிரியில் ஓடும் எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. சிலிண்டர் சுவரில் வழிந்து, ஆயில் படலத்தைக் கழுவி, அடியில் ஆயில் தங்கும் சம்பில் இறங்கும். எரிந்ததில் உண்டாகும் ஈரமும் ஆயிலிலேயே தங்கி, எஞ்சினின் உச்சியில் ராக்கர் கவரில் உள்ள ஆயில் மூடிக்குள் தயிர் போல வெள்ளையாகப் படியும். 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு இல்லாத எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் நேரே சம்புக்குப் போய்விடும் என்பதே காரணம். பெட்ரோலில் அதே வேலை மெதுவாக நடக்கிறது, அதனால் கண்ணில் படுவதில்லை.

தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டாம் என்பவர்களுக்கு, பந்தய மினிகளில் அதன் இடத்தில் ஒரு பிளாங்கிங் ஸ்லீவ் போடுவார்கள். வால்வு இல்லாத வெறும் வளையம். ஓட்டத்துக்கு வேண்டிய தடையை மட்டும் கொடுக்கும். ஒன்றுமே போடாமல் காலியாக விடுவதைவிட அது எவ்வளவோ மேல். தெருவில் ஓடும் வண்டிக்கு அதுவும் வேண்டாம்.

பெல்லோஸ் போய் மெழுகு வந்தபோது மாறியது

1950களின் வண்டிகளில் முதலில் இருந்தது பெல்லோஸ் வகை. மடிப்பு மடிப்பான பித்தளைக் குடுவைக்குள் எளிதில் ஆவியாகும் திரவம். சூட்டில் அது ஆவியாகிக் குடுவை நீண்டு வால்வைத் தூக்கும். குடுவை ஓட்டையாகிவிட்டால் அதன் இயல்பான விறைப்பிலேயே நீண்டு, வால்வு திறந்தபடி நிற்கும். எஞ்சின் குளிராக ஓடும், அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் கூடினால் பெல்லோஸ் திறக்கும் டிகிரியும் மாறும். ரேடியேட்டர் மூடிகள் தாங்கும் அழுத்தம் 4 பிஎஸ்ஐயிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) 7க்கும் 13க்கும் ஏற ஏற, அந்த வகை வழக்கொழிந்தது.

இப்போது கிடைப்பதெல்லாம் மெழுகு வகை. 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய முறை. சிறு கிண்ணத்துக்குள் செம்புத் தூள் கலந்த மெழுகு. உருகும்போது பருத்து, ரப்பர் உறை வழியாக ஒரு ஊசித்தண்டைத் தள்ளும். அழுத்தம் எதுவானாலும் அதற்குக் கவலையில்லை, உழைப்பும் அதிகம். ஆனால் ரப்பர் கிழிந்து மெழுகு கசிந்துவிட்டால் தண்டைத் தள்ள எதுவும் இல்லை. ஸ்பிரிங் வால்வை இறுக மூடிவிடும். பழையது கெட்டால் எஞ்சின் குளிர்ந்தது, புதியது கெட்டால் எஞ்சின் வேகும். அதனால்தான் மலிவான மெழுகு வால்வைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது.

இதற்குப் பரிகாரமாக, அளவுமீறிச் சூடானால் திறந்தபடி பூட்டிக்கொள்ளும் 'ஃபெயில்-சேஃப்' வகையும் விற்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பூட்டு விழுவதே மெழுகு அளவுக்கு மேல் தள்ளுவதால். மெழுகே கசிந்துபோனால் பூட்டும் விழாது. இவற்றின் கூடு கொஞ்சம் உயரமாகவும் இருக்கலாம். எல்போவின் உள்பக்கத்தில் இடிக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கடையில் வெர்னியரோடு

மேலே சொன்ன எஞ்சின்களுக்குத் தகட்டின் விட்டம் 54 மி.மீ. பிரிட்டிஷ் உதிரிபாகப் பட்டியல்களில் ஜிடிஎஸ் 102 என்றால் 74 டிகிரி, ஜிடிஎஸ் 104 என்றால் 82, ஜிடிஎஸ் 106 என்றால் 88. இந்த எண்ணைச் சொன்னால் வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்கு உடனே புரியும். உள்ளூரில் எண் பேசாது, வெர்னியர்தான் (மி.மீ.யில் துல்லியமாக அளக்கும் கருவி) பேசும். அம்பாசடரில் 40 வருடத்தில் எந்த ஹவுசிங்கை (தெர்மோஸ்டாட் உட்காரும் பாகம்) யார் மாற்றியிருப்பார் என்று சொல்ல முடியாது. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பழையது இல்லையென்றால் ஹெட்டில் உள்ள பள்ளத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

விட்டத்தைவிட முக்கியம் தகட்டின் கனம். 'ஏ' சீரீஸ் ஹெட்டில் தகடு உட்காருவதற்கு ஒரு படி வெட்டியிருக்கும். தகடு அதில் உட்கார்ந்த பிறகு ஹெட்டின் முகத்தோடு சமமாக இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால், நட்டை முறுக்கும்போது எல்போ தகட்டின் மேல் உட்கார்ந்து, காதுகள் வளைந்து, ஒரு நாள் விரிசல் விடும். மிக மெல்லியதாக இருந்தால் தெர்மோஸ்டாட் உள்ளேயே ஆடும். விளிம்பைச் சுற்றித் தண்ணீர் நழுவும். துருத்தல் என்று தெரிந்தால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்வதற்கு முன் படியைச் சுரண்டிப் பாருங்கள். பாதி நேரம் அடியில் இருப்பது பல வருடத் துரு.

பிறகு வால்வு. இரண்டு மூன்று பிராண்டுகளைக் கையில் வைத்து நடுத்தட்டின் விட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளி விட்டம் எல்லாவற்றிலும் 54தான். உள்ளே திறக்கும் தட்டு சிலவற்றில் கவலைப்படும் அளவுக்குச் சிறியது. பெரிய தட்டு உள்ளதையே எடுங்கள். கூட்டின் கால்கள் தகட்டோடு சேரும் இடத்தில் மடிப்பு இறுக்கமாக இருக்கிறதா, பிராண்டும் டிகிரியும் உலோகத்திலேயே குத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் மட்டும் பெயர் இருந்து, உலோகத்தில் எதுவும் இல்லாத சரக்கை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வால்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சீட்டைச் சுற்றி ஒளிக்கீற்று தெரியக்கூடாது.

ஒளி தெரிய வேண்டிய ஒரே இடம் தகட்டில் உள்ள சிறு ஓட்டை. அதில் ஒரு தளர்ந்த பின் தொங்கும், ஆட்டினால் கிலுகிலுக்கும். தண்ணீர் ஊற்றும்போது எஞ்சினுக்குள் இருக்கும் காற்று அது வழியாக வெளியேறும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஓட்டம் பின்னை மேலே தள்ளி அடைத்துவிடும். இந்த ஓட்டை இல்லாத தெர்மோஸ்டாட்டின் அடியில் காற்று சிக்கினால், மெழுகுக் கிண்ணம் தண்ணீரில் முங்காமல் காற்றில் தொங்கும். காற்று மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். அதற்குள் ஹெட் கொதித்துவிடும். மேலே சொன்ன 95க்குத் தாவி 75க்கு விழும் முள் இப்படித்தான் பிறக்கிறது. ஓட்டை இல்லாத சரக்குதான் கிடைத்தது என்றால் தகட்டில் 3 மி.மீ. ட்ரில் பிட்டால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள், போதும். நாலைந்து போட்டால் சூடேற ஆகும் நேரம் இழுத்துக்கொண்டே போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'ஏ' சீரீஸில் ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கும். அதை மாற்றுவது பெரும் பாடு என்பதால் பலர் கழற்றிவிட்டு அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்த எஞ்சினில், வால்வு திறக்கும்வரை ஹெட்டில் உள்ள சூடு தெர்மோஸ்டாட்டுக்கு வந்து சேர வழியே இல்லை. அங்கே மட்டும் இரண்டு மூன்று ஓட்டை நியாயம்.

பைபாஸை மூடும் பாவாடை

இது 'ஏ' சீரீஸ்காரர்களுக்குத் தேவையில்லை. ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சின், டிரையம்ஃப் டிஆர்2, டிஆர்3 வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவற்றின் தெர்மோஸ்டாட்டைச் சுற்றி ஒரு உலோகப் பாவாடை இருந்தது. வால்வு திறக்கும்போது பாவாடையும் கூடவே நகர்ந்து, ஹவுசிங்கின் பக்கச் சுவரில் உள்ள பைபாஸ் துளையை மூடும். சூடு ஏறாதவரை தண்ணீர் பைபாஸ் வழியே எஞ்சினுக்குள் சுற்றும். சூடானதும் மொத்தமும் ரேடியேட்டருக்குப் போகும். இவற்றில் பாவாடை இல்லாத சாதாரண 54 மி.மீ. வால்வைப் போட்டால் அது கச்சிதமாக உட்காரும், சரியான டிகிரியில் திறக்கும், ஆனாலும் வண்டி சூடாகும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே பம்புக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். ரேடியேட்டரை மாற்றி, ஃபேனை மாற்றி, பம்பையும் மாற்றிய பிறகும் தீராத ஓவர்ஹீட் பலவற்றின் வேர் இதுதான்.

பாவாடை உள்ளது கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பைபாஸ் ஹோஸுக்குள் நடுவில் துளையிட்ட ஒரு அலுமினிய அடைப்பானைச் செருகி ஓட்டத்தைக் குறைக்கலாம். துளை 6 முதல் 10 மி.மீ.க்குள் இருக்கட்டும். முழுக்க அடைத்துவிட வேண்டாம். குளிர்ந்த எஞ்சினுக்கு அந்தச் சுற்று தேவை.

உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரியாவிட்டால், தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஹவுசிங்கின் பக்கச் சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வு நகரும் உயரத்தில் வழவழப்பாகக் கடைந்த சுவரும் அதில் ஒரு துளையும் தெரிந்தால், பாவாடை வகை.

இப்போது டிகிரி

தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் இலங்கைக்கும் நான் சொல்வது 82. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. 74 சூடான நாடுகளுக்கென்றே பட்டியலில் இருப்பது. நகர நெரிசலில் மட்டும் ஓடும் வண்டிக்கு அதுவும் ஏற்கத்தக்கது, கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். ஆனால் வண்டி வாரத்துக்கு ஒரு முறை பத்து கிலோமீட்டர் மட்டும் போகிறது என்றால் 74 வேண்டாம், ஆயில் சூடாகி ஈரத்தை விரட்டுவதற்குள் வீடு வந்துவிடும். 88 ஹீட்டர் தேவைப்படும் குளிர்நாட்டுக்கு. நமக்கு வேண்டவே வேண்டாம்.

டிகிரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. மூடியே இல்லாமல் தண்ணீர் 100ல் கொதிக்கும். 4 பிஎஸ்ஐ மூடியோடு ஏறத்தாழ 107ல், 7 பிஎஸ்ஐயோடு 111ல், 13 பிஎஸ்ஐயோடு 119ல். ரப்பர் செத்துப்போன மூடியை வைத்துக்கொண்டு தெர்மோஸ்டாட்டின் டிகிரியைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை. அதே சமயம், 4 பிஎஸ்ஐக்குச் செய்த பழைய ரேடியேட்டருக்கு 13 பிஎஸ்ஐ மூடி போட்டால் ஈயப் பற்று விடும்.

அடுப்பில் ஒரு சோதனை

புதியதுதானே என்று நேரே மாட்ட வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்த புதிய வால்வே திறக்காமல் போவதுண்டு.

பாத்திரத்தில் தண்ணீர், ஒரு சமையல் தெர்மாமீட்டர், ஒரு நூல். வால்வு மூடியிருக்கும்போது நூலை அதன் இடுக்கில் கவ்வ வைத்து, தெர்மோஸ்டாட்டை அந்த நூலிலேயே தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். பாத்திரத்தின் அடியையோ சுவரையோ தொடக்கூடாது, தெர்மாமீட்டரும் அப்படியே. சிறு தீயில் கலக்கிக்கொண்டே சூடேற்றுங்கள். வால்வு இம்மி திறந்ததும் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் 'டக்' என்று அடியில் விழும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதுதான் திறக்கும் டிகிரி. குத்தியிருக்கும் எண்ணுக்கு 2 டிகிரி முன்பின் இருந்தால் நல்ல சரக்கு. 4க்கு மேல் தள்ளினால் திருப்பிக் கொடுங்கள்.

பிறகு இடுக்கியால் தூக்கிப் பிடித்தபடி 95 வரை கொண்டுபோங்கள். 82 வால்வு அங்கே முழுக்க அல்லது கிட்டத்தட்ட முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்த உடனே வெர்னியரின் வாலால் உயரத்தை அளந்தால் 7, 8 மி.மீ. வர வேண்டும். 4, 5 மி.மீ.யில் நின்றுவிட்டால் அது திறக்கும் டிகிரி எவ்வளவு துல்லியமானாலும் மாட்டாதீர்கள். வெயிலில் ஏற்றம் ஏறும்போது அந்த 3 மி.மீ.தான் வேண்டியிருக்கும். ஆறும்போது முழுக்க மூடுகிறதா என்றும் கவனியுங்கள். மூன்று முறை திரும்பச் செய்து, மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் நம்பலாம்.

ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: அங்கே தண்ணீர் 92, 93லேயே கொதித்துவிடும். கூலன்ட்டையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து சோதிக்கலாம். ஆனால் கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் விஷம். அந்தப் பாத்திரமும் தெர்மாமீட்டரும் மறுபடி சமையலறைக்குள் போகக்கூடாது.

மாட்டுதல்

கஷ்டம் புதியதை மாட்டுவதில் அல்ல, பழைய எல்போவைக் கழற்றுவதில். 'ஏ' சீரீஸில் எல்போவைப் பிடிப்பது மூன்று ஸ்டட், அதாவது ஹெட்டில் முறுக்கியிருக்கும் தலையில்லாத போல்ட். எல்போ அலுமினியம், ஸ்டட் எஃகு. இரண்டுக்கும் நடுவே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக இறுகியிருக்கும். நட்டு மூன்றும் எளிதாக வந்துவிடும், எல்போ அசையாது. இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள், முகம் கீறி ஒழுகும். நட்டு அரை அங்குல ஸ்பேனருக்கு உரியது, 13 மி.மீ. ஸ்பேனர் ஒரு நூல் தளர்வாக இருக்கும், இறுகிய நட்டில் மூலையைத் தின்றுவிடும்.

ஸ்டட்களைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு ஊற்றுங்கள். பிறகு ஹீட் கன்னால் எல்போவைச் சூடாக்கி, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் இடமும் வலமுமாகத் தட்டுங்கள். எண்ணெய் நனைந்த இடத்தில் நெருப்புச் சுவாலை காட்ட வேண்டாம். அதற்கும் மசியவில்லை என்றால் எல்போவை பலி கொடுங்கள்: ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்துவிடலாம். புது எல்போ வாங்கிவிடலாம். ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்டை எடுக்க ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம்.

இரண்டு முகத்திலும் பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துளைக்குள் ஒரு துணியைத் திணித்துக்கொள்ளுங்கள், எடுக்கவும் மறக்காதீர்கள். எல்போவின் முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த எமரித் தாளில் எட்டுப் போடுவதுபோல் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

மெழுகுக் கிண்ணமும் ஸ்பிரிங்கும் எஞ்சின் பக்கம், கீழ்நோக்கி. தலைகீழாக மாட்டினால் ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு அது திறக்கவே திறக்காது. தகடு சாய்ந்து நிற்கும் எஞ்சின்களில் காற்று ஓட்டை மேல் விளிம்புக்கு வர வேண்டும். புது பேப்பர் கேஸ்கெட்டின் இரு பக்கமும் காயாத பசையை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். சிலிகானைப் பிதுக்கித் தள்ளினால் உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். ஸ்டட் தண்டில் காப்பர் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை எல்போ கழற்றுபவர் வாழ்த்துவார். நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கி 8 பவுண்டு-அடியில், அதாவது ஏறத்தாழ 11 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். ஒழுகுகிறதே என்று இன்னும் முறுக்கினால் காது உடையும்.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்பு, மெழுகுக் கிண்ணத்தின் மேல் ஓடாகப் படிந்து சூட்டை மறைக்கும். 82 வால்வு 90க்கு மேல்தான் விழிக்கும். டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு பழைய வகைக் கூலன்ட், அதாவது செம்பு-பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று எழுதியிருப்பது. ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போட்ட வண்டி என்றால் முதலில் முழுக்க ஃபிளஷ் செய்யுங்கள். அந்தச் சேறு வால்வு சீட்டில் ஒட்டிக்கொண்டால் சோதித்துப் போட்ட தெர்மோஸ்டாட்டும் மூடாது.

ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். ஹீட்டர் இருந்தால் அதன் குழாயைத் திறந்துவிடுங்கள். மெதுவாக ஊற்றி, நடுநடுவே மேல் ஹோஸைக் கையால் பிசையுங்கள். குமிழ் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மூடியில்லாமல் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸ் சட்டென்று சுடும்வரை காத்திருங்கள். அப்போது மட்டம் கொஞ்சம் இறங்கும், நிரப்பி மூடுங்கள். எக்ஸ்பான்ஷன் பாட்டில் இல்லாத மைனரில் கழுத்துவரை நிரப்பினால் சூட்டில் அதுவே வெளியே கக்கிவிடும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே அதன் இயல்பான மட்டம். கக்கியதைப் பார்த்து மறுபடி மறுபடி நிரப்புகிறவர்கள்தான் "தண்ணி குடிக்குது" என்று ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கிறார்கள்.

ஒரு முறை நன்றாக ஓட்டிவிட்டு வந்து, முழுக்க ஆறிய பிறகு மட்டத்தையும் மூன்று நட்டையும் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருப்பதால் நட்டு கால் சுற்று வாங்கும். டேப் ஒட்டிய இடத்தில் இன்ஃப்ராரெட் காட்டும் எண்ணையும் அப்போது முள் நின்ற இடத்தையும் ஒரு தாளில் எழுதி க்ளோவ் பாக்ஸில் போட்டுவையுங்கள். அடுத்த முறை முள் நகர்ந்தால் கெட்டது மீட்டரா வால்வா என்று அந்தத் தாளை வைத்தே பிரித்துவிடலாம்.